வீட்டு ரவுட்டர்களை ஒரே பேச்சுக்குக் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உப்புவெளியில் ஒரே ஒழுங்கையில் எங்கள் வீடு, எதிரே அக்கா வீடு, பின்வளவில் பெரியம்மா வீடு. எங்களிடம் ஃபைபர் இணைப்பு, அக்காவிடம் 4ஜி பெட்டி. பெரியம்மாவிடம் இணைப்பே இல்லை. ஆனால் சீசன் காலத்தில் வெளிநாட்டுப் பயணிகள் தங்க இரண்டு அறை விடுகிறா. வருகிறவர்கள் பையை இறக்கி வைக்கும் முன்னமே வைஃபை பாஸ்வேர்ட் கேட்பார்கள். மூன்று வீட்டு ரவுட்டரையும், வழி சொல்லிக்கொள்ளும் பொதுப் பாஷையான ரவுட்டிங் புரோட்டோகால் ஒன்றால், ஒன்றோடொன்று பேச வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்ட கேள்விகள் இவை.

ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர் வைத்திருக்கிறேன். இரண்டாவதில் இணைந்தால் பிரிண்டர் தெரியவில்லை. ரவுட்டிங் புரோட்டோகால் போட வேண்டுமா?

வேண்டாம். என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதுதான் பதில். இரண்டாவது பெட்டி தன் சொந்த நெட்வேர்க்கைத் தொடங்கி, உள்ளே இருப்பவற்றை முதல் பெட்டிக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறது. அதன் வேலையைக் குறைத்துவிடுங்கள். முகவரி பங்கிடும் டிஎச்சிபியை அணையுங்கள். அதன் முகவரி 192.168.1.1 என்றிருந்தால் 192.168.1.2 என்று மாற்றுங்கள். முதல் பெட்டியிலிருந்து வரும் வயரை இணையத்துக்கான வான் (WAN) துளையில் அல்லாமல் வீட்டுச் சாதனங்களுக்கான லான் (LAN) துளையில் செருகுங்கள். சில பெட்டிகளில் இதையே ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்று ஒரே தெரிவாக வைத்திருப்பார்கள். அதன்பின் அது வெறும் வைஃபை விளக்குக்கம்பம், பிரிண்டரும் தெரியும்.

அப்படியானால் யாருக்குத்தான் தேவை?

இரண்டுக்கு மேற்பட்ட ரவுட்டர்கள் இருந்து, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக ஒன்றுக்கு மேற்பட்ட வழியும் இருந்தால். எங்கள் வீட்டு முகவரித் தொகுதி 192.168.10.0/24, அக்கா வீட்டில் அந்த 10க்குப் பதில் 20, பெரியம்மா வீட்டில் 30. எங்களுக்கும் பெரியம்மாவுக்கும் இடையில் கேபிள். எங்களுக்கும் அக்காவுக்கும் இடையில் கூரையில் பூட்டிய 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை. பெரியம்மாவுக்கும் அக்காவுக்கும் இடையில் இன்னொரு வைஃபை. ஆக ஒரு முக்கோணம்.

வழிகளைக் கையால் எழுதலாம், வீட்டுக்கு இரண்டு வரி, மொத்தம் ஆறு. முதல் வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு கம்பி போனால் மட்டும் சிக்கல். கையால் எழுதிய வழிக்குக் கம்பி போனது தெரியாது. மற்றப் பக்கத்தால் சுற்றிப் போக நல்ல வழி இருக்க, அது பழைய இடத்துக்கே பொதிகளை, அதாவது தரவுத் துண்டுகளை, அனுப்பிக்கொண்டிருக்கும். நான் டவுனில் வேலையில் நிற்கும்போது அக்கா கோல் எடுத்து “தம்பி, ஒண்டும் வேலை செய்யேல்லை” என்பா. ஆறு வரியையும் திருத்த நான் வீடு வரவேண்டும்.

புரோட்டோகால் போட்டால் ரவுட்டர்கள் அப்படி என்ன பேசிக்கொள்கின்றன?

மூன்று விஷயம்: நான் இருக்கிறேன், எனக்கு இன்னின்ன நெட்வேர்க் தெரியும், அங்கே போக என் வழியால் இவ்வளவு செலவு. கேட்ட ஒவ்வொரு ரவுட்டரும் தன் கணக்கைத் தானே போட்டுத் தன் வழியைத் தானே தெரிவு செய்கிறது. ‘ஒத்துப்போவது’ என்றால் கூடியிருந்து வாக்கெடுப்பது இல்லை. பாஷையும் கணக்கு முறையும் எல்லோருக்கும் ஒன்று, அவ்வளவுதான். ஒன்று ஆர்ஐபி என்ற புரோட்டோகாலும் மற்றது ஓஎஸ்பிஎஃப் என்ற வேறொன்றும் பேசினால் சண்டைகூட வராது. பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் இரண்டும் சும்மா இருக்கும். அதுதான் ஆளை அலைக்கழிக்கும்.

ஆர்ஐபி, ஓஎஸ்பிஎஃப், பேபெல். எதைப் போடுவது?

திருகோணமலையிலிருந்து மூதூர் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். கொட்டியாரக் குடாவைக் கடக்கப் படகு ஏறினால் ஒரே தாவல். தரைவழியால் போனால் கிண்ணியாப் பாலம் தாண்டிச் சுற்ற வேண்டும். அந்தப் பாலம் 2009இல் திறந்தது, அதற்கு முன் அதுவும் ‘பாதை’ என்ற மிதவைப் படகு ஏறித்தான். ஆர்ஐபி தாவல்களை மட்டும், அதாவது வழியில் எத்தனை ரவுட்டர் என்று மட்டும், எண்ணும். படகு ஒன்று, தரை மூன்று, ஆகவே படகு. மாரிக் கடல் கொந்தளித்தாலும், படகு பாதி நேரம் ஓடாவிட்டாலும், அது படகைத்தான் காட்டும்.

ஆர்ஐபி 1988இல் ஆவணமானது. 30 வினாடிக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் சத்தம் போட்டுச் சொல்லும். 15 தாவலுக்கு மேல் அதற்கு உலகம் இல்லை, 16 என்றால் போகமுடியாது என்று பொருள். ஒரு வழி செத்தால், “எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியுமாம்” என்று இரண்டு ரவுட்டர்கள் ஒன்றையொன்று நம்பி, செலவை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே 16 வரை போகிற நோயும் உண்டு. அதற்கு மருந்துகள் சேர்த்திருக்கிறார்கள், முழுச் சுகம் இல்லை. முக்கோணம் இல்லாமல் நேர்கோட்டில் மூன்று ரவுட்டர், எல்லாம் கேபிள் என்றால் ஆர்ஐபியின் இரண்டாம் பதிப்பே போதும்.

ஓஎஸ்பிஎஃப் வேறு ரகம். ஒவ்வொரு ரவுட்டரும் முழு வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு குறுகிய வழியைத் தானே கணக்குப் போடும். கம்பனிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கேபிளில் அருமையாக ஓடும். வைஃபையில்தான் அதற்கு மூச்சு வாங்கும். ‘நான் இருக்கிறேன்’ என்று அது சொல்லும் வணக்கச் செய்திகள் எல்லோருக்கும் பொதுவாகப் போகிற மல்டிகாஸ்ட். வைஃபையில் மல்டிகாஸ்ட் கிடைத்ததா என்று யாரும் பதில் சொல்வதில்லை, தொலைந்தால் தொலைந்ததுதான். வழக்கமான அமைப்பில் 10 வினாடிக்கு ஒரு வணக்கம், 40 வினாடி கேட்காவிட்டால் அயலார், அதாவது பக்கத்து ரவுட்டர், செத்தார். காற்றடிக்கும் நாளில் அயலார் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருப்பார்.

பேபெல் தொலைந்த வணக்கங்களையே எண்ணிச் செலவாக மாற்றுகிறது. வீட்டுக்கு, அதுவும் வைஃபை கலந்த வீட்டுக்கு, நான் சொல்வது இதைத்தான்.

அந்தச் செலவுக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுங்களேன்.

ரவுட்டரில் நாமே ஏற்றக்கூடிய மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டியில் வரும் பேபெல் நிரலில் கேபிளுக்கு வழக்கச் செலவு 96. நல்ல வைஃபைக்கு 256. எங்கள் வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்கு நேர்வழி 256. பெரியம்மா வீட்டால் சுற்றினால் 96உம் 256உம் சேர்ந்து 352. சாதாரண நாளில் நேர்வழிதான்.

ஒழுங்கை ஓரத்தில் ஒரு தென்னை நிற்கிறது. ஒரு மாரியில் புதிதாக விரிந்த ஓலை சரியாக எங்கள் இரண்டு கூரைக்கும் நடுவில் தொங்கியது. காய்ந்திருந்தால் பரவாயில்லை. நனைந்த ஓலை வைஃபைக்கு மதில் மாதிரி. நாலில் ஒரு வணக்கம் தொலைந்தபோது நேர்வழியின் செலவு ஏறத்தாழ 341. இன்னும் 352ஐத் தாண்டவில்லை, மாறவில்லை. மழை வலுத்துப் பாதி தொலைந்தபோது செலவு 512. அந்த இடத்தில் ரவுட்டர் பேசாமல் பெரியம்மா வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டது. அக்கா வீட்டில் யாருக்கும் தெரியாது. அடுத்த நாள் பட்டியலைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. பிறகு ஆள் பிடித்து ஓலையை வெட்டினோம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. எங்கள் கூரைப் பெட்டி தனியானது, அதிலிருந்து ரவுட்டருக்கு வருவது கேபிள். ரவுட்டர் கேபிளைத்தான் பார்க்கிறது. ‘ஆ, கேபிள்’ என்று 96 போட்டுவிடும், தொலைந்த வணக்கங்களையும் நுணுக்கமாக எண்ணாது. அந்தத் துளையை வைஃபை வகை என்று அமைப்பில் நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். நான் இதை எழுதாமல் இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, பேபெல் சரியில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

பேபெல் யாருடையது? நம்பலாமா?

பாரிஸில் பல்கலைக்கழக ஆசிரியராக இருக்கும் யூலியுஷ் ஹ்ரொபொச்செக் வடிவமைத்தது. இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் 2011இல் அதைப் பரிசோதனை நிலையில் ஆர்எஃப்சி 6126 என்ற ஆவணமாக வெளியிட்டது. 2021 ஜனவரியில் ஆர்எஃப்சி 8966 ஆகத் தர நிலைக்கு ஏறியது.

இதற்குப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. அதே 2011இல் ஐஇடிஎஃப் ‘ஹோம்நெட்’ என்று ஒரு பணிக்குழுவைத் தொடங்கியது. வீட்டுக்காரர் எந்த ரவுட்டரை எந்தத் துளையில் செருகினாலும் அவை தாமாகவே முகவரி பங்கிட்டு வழி பேசிக்கொள்ள வேண்டும் என்பது கனவு. முகவரிப் பங்கீட்டுக்கு எச்என்சிபி என்று ஒன்று 2016இல் வந்தது. ஆனால் எந்த ரவுட்டிங் புரோட்டோகால் என்பதில் பேபெலா, ஐஎஸ்-ஐஎஸ் என்ற இன்னொரு புரோட்டோகாலா என்று நீண்ட இழுபறி. ரவுட்டர்களை ஒத்துப்போக வைக்கக் கூடியவர்கள் தாங்கள் ஒத்துப்போக வருடக்கணக்கு எடுத்ததை நினைத்தால் சிரிப்பு வரும். கடைசியில் பேபெல் நின்றது. கடைகளில் விற்கும் பெட்டிகளுக்கு மட்டும் அந்தக் கனவு வந்து சேரவில்லை.

அப்போ கடையில் வாங்கின ரவுட்டரில் பேபெல் இருக்காதா?

இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றக்கூடிய மொடல் பார்த்து வாங்க வேண்டும். வாங்க முன் அந்த மொடலின் ஹார்ட்வேர் பதிப்பு எண்ணையும் பாருங்கள், ஒரே பெயரில் உள்ளே வேறு சிப் வைத்து விற்பார்கள். இணைப்புக் கம்பனி தரும் பெட்டியைத் தொட வேண்டாம். அதை அப்படியே விட்டு, அதன் பின்னால் உங்கள் ரவுட்டரை வையுங்கள்.

பேபெல் ஓடுகிறது. ஆனால் பக்கத்து ரவுட்டர் பட்டியலில் வரவே இல்லை.

முதலில் கேட்கும் கேள்வி: புதிய முகவரி முறையான ஐபிவி6ஐ யாராவது அணைத்தார்களா?

அத்தான் அணைத்திருந்தார். “எங்களுக்கு வேண்டாத சாமான் தானே” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாத் துளையிலும் ஐபிவி6ஐ நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் ஓடுவதெல்லாம் பழைய ஐபிவி4 முறையின் 192.168 முகவரிகள்தானே, நியாயம்தான். ஆனால் பேபெல் ஐபிவி4 வழிகளைச் சுமந்தாலும், தன் பேச்சை ஐபிவி6இன் உள்ளூர் முகவரிகளில்தான் பேசுகிறது. கம்பனி உங்களுக்கு ஐபிவி6 தராவிட்டாலும் பரவாயில்லை, துளைகளில் அது உயிரோடு இருந்தால் போதும். நான் கேபிளை மாற்றி, பெட்டியை மாற்றி, அன்று பின்னேரம் முழுவதும் கூரையில் நின்றேன். அத்தான் கீழே தேத்தண்ணியோடு நின்று, “இன்னும் சரிவரேல்லையா?” என்றார்.

அது இல்லையென்றால் ஃபயர்வால். பேபெல் யுடிபி 6696ஆம் போர்ட்டில் பேசும். வீடுகளை இணைக்கும் துளை வான் பக்க வலயத்தில் இருந்தால் அந்தப் பேச்சு வாசலிலேயே நின்றுவிடும். துளையை லான் வலயத்துக்கு மாற்றுங்கள். அதோடு, பேபெல் எந்தத் துளைகளில் ஓட வேண்டும் என்று அமைப்பில் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அயலார் தெரிகிறார், வழியும் வந்துவிட்டது. ஆனால் பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சோதனைச் செய்தி) போகவில்லை.

வழி ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதா என்று மற்ற ரவுட்டரிலும் பாருங்கள். போன பொதி திரும்பி வரவும் வழி வேண்டும். இரண்டு வீட்டிலும் 192.168.1.0/24 என்றே விட்டிருந்தால் எந்தப் புரோட்டோகாலும் உதவாது, ஒரே இலக்கத்தில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? வீட்டுக்கு வீடு போகும் துளையில் முகவரி மாற்றும் மாஸ்கரேட் ஓடினால் நிறுத்துங்கள், அது இணைய வாசலில் மட்டும் இருக்க வேண்டியது. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு விண்டோஸ் கணினி மட்டும் பதில் சொல்லாவிட்டால், அதன் சொந்த ஃபயர்வால் வேறு நெட்வேர்க்கிலிருந்து வரும் பிங்கைத் தடுக்கிறது. ரவுட்டருக்கே பிங் போட்டுப் பாருங்கள்.

ஃபைபர் அறுந்தால் அக்கா வீட்டு 4ஜிக்குத் தானாகப் போகுமா?

போகும், ஒரு வேலை செய்தால். எங்கள் ரவுட்டரும் அக்கா வீட்டு ரவுட்டரும் ‘வெளியுலகுக்கு என்னால் போகலாம்’ என்று பேபெலில் அறிவிக்கின்றன. அக்கா வீட்டு அறிவிப்புக்கு மேலதிகச் செலவு 2000 போட்டிருக்கிறேன், அத்தானின் டேட்டாவைப் பெரியம்மா வீட்டுப் பயணிகள் குடித்துத் தீர்க்கக் கூடாது. அதனால் பெரியம்மா வீடு எப்போதும் ஃபைபரில். எங்கள் வீடும் அக்கா வீடும் அவரவர் இணைப்பில். எங்களுடையது போனால்தான் அக்கா வீட்டுப் பக்கம்.

நான் ஃபைபரைக் கழற்றிச் சோதித்தேன். எதுவும் நடக்கவில்லை. எங்கள் வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும் இணையம் செத்துப்போய், அக்கா வீட்டு 4ஜி பெட்டி சும்மா மின்னிக்கொண்டிருந்தது. காரணம் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டி. ஒளி வராமல் அதில் சிவப்பு விளக்கு எரிந்தாலும், அதிலிருந்து என் ரவுட்டருக்கு வரும் குட்டிக் கேபிள் உயிரோடுதான் இருக்கிறது. ரவுட்டருக்குத் தன் வாசல் திறந்திருப்பதாகவே எண்ணம், ஆகவே அது ‘என்னால் போகலாம்’ என்று தொடர்ந்து அறிவித்தது. பேபெல் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைச் சொன்னது.

வெளியே இரண்டு இடத்துக்குத் தொடர்ந்து பிங் போட்டு, இரண்டும் பதில் சொல்லாவிட்டால் ஃபைபர் வழியைப் பட்டியலிலிருந்து நீக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்தேன். வழி நீங்கியதும் அறிவிப்பும் நீங்கும், எங்கள் வீடும் பெரியம்மா வீடும் தாமாக அக்கா வீட்டுப் பக்கம் திரும்பும். ஒன்றுக்கு மட்டும் பிங் போட வேண்டாம், அந்த ஒன்று படுத்தால் நல்ல ஃபைபரையும் நிறுத்திவிடும். மாறும் நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் வாட்ஸ்அப் கோல் அறுந்து திரும்ப இணையும், வெளி முகவரி மாறுவதால் அதைத் தவிர்க்க முடியாது.

எனக்கு ஓஎஸ்பிஎஃப்தான் தெரியும். அதுவும் அயலாரோடு சேர மாட்டேன் என்கிறது.

ஓஎஸ்பிஎஃப் கண்டிப்பான ஆள். ஏரியா எண், வணக்க இடைவெளி, செத்ததாகக் கொள்ளும் நேரம், சப்நெட் மாஸ்க், பாஸ்வேர்ட் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்று பிசகினால் முகம் கொடுக்காது. அயலார் தெரிந்து, ‘எக்ஸ்ஸ்டார்ட்’ நிலையிலேயே மணிக்கணக்காக நின்றால் எம்டியுவை, அதாவது ஒரு பொதியின் உச்ச அளவை, பாருங்கள். ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 1492 என்றிருக்கும்.

ஐபிவி6 இணையமும் இருந்தால்?

இரண்டு கம்பனியிடமிருந்து ஐபிவி6 வந்தால் வெறும் வழி போதாது. ஒரு கம்பனி தந்த முகவரியைப் போட்டு மற்றக் கம்பனி வாசலால் பொதியை அனுப்பினால், பொய் முகவரி என்று அவர்கள் எறிந்துவிடலாம். அனுப்பியவர் முகவரியையும் பார்த்து வழி தெரிவு செய்ய பேபெலுக்கு 2021இல் ஆர்எஃப்சி 9079 வந்தது. ஐபிவி4இல் வாசலிலேயே முகவரி மாறிவிடுவதால் இந்தத் தலையிடி இல்லை.

பெரியம்மா வீட்டு டிவியை எங்கள் வீட்டுப் போன் கண்டுபிடிக்கவில்லையே?

கண்டுபிடிக்காது. டிவி, பிரிண்டர் எல்லாம் தம்மை அறிவிக்கும் அழைப்பு 224.0.0.251க்குப் போகிறது. அது ரவுட்டரைத் தாண்டக் கூடாது என்பதே விதி. அவாஹி நிரலில் அழைப்பை மறுபக்கம் திருப்பிச் சொல்லும் ஒரு தெரிவு உண்டு, அதைப் போடலாம். நான் போடவில்லை. தங்க வருகிறவர் போனில் எங்கள் வீட்டு டிவி தெரியத் தேவையில்லை.

யாராவது பொய் வழி அறிவித்தால்?

அறிவித்தால் உங்கள் பொதிகள் அவரிடம் போகும். பேபெலுக்கு ஆர்எஃப்சி 8967இல் சாவி வைத்துச் சரிபார்க்கும் முறை உண்டு. அதைவிடச் சுலபமானது, விருந்தாளிகளின் வைஃபை இருக்கும் துளையில் பேபெலையே ஓட விடாதீர்கள். ரவுட்டருக்கு ரவுட்டர் போகும் துளைகளில் மட்டும் போதும்.

இவ்வளவு பாடு எதற்கு? மெஷ் பெட்டி மூன்று வாங்கினால் முடிந்ததே?

ஒரே வீடு, ஒரே இணைய வாசல் என்றால் அதுதான் சரி, வாங்குங்கள். மெஷ் எல்லாவற்றையும் ஒரே நெட்வேர்க் ஆக்கிவிடும். எனக்கு மூன்று வீட்டையும் பிரித்து வைக்க வேண்டியிருந்தது, இணைய வாசலும் இரண்டு.

வீட்டுக்கு வீடு கேபிள் இழுப்பது சரியா?

செப்புக் கேபிளுக்கு 100 மீற்றர் எல்லை. ஆனால் தூரத்தைவிட இடிமின்னலுக்குப் பயப்படுங்கள். இரண்டு வீட்டு நில இணைப்பும் ஒன்றாக இராது, பக்கத்தில் எங்காவது விழுந்தால் அந்த வித்தியாசம் கேபிளால்தான் ஓடும். ஒரு பின்னேர இடிக்குப் பிறகு எங்கள் ரவுட்டரிலும் பெரியம்மா ரவுட்டரிலும் அந்த ஒரே துளை மட்டும் செத்துக் கிடந்தது. இப்போது அங்கே ஓடுவது மெல்லிய ஃபைபர் வயர், இரண்டு முனையிலும் ஒளியை மாற்றும் சின்னப் பெட்டி. பேபெல் அதையும் கேபிள் என்றே எண்ணுகிறது, அதே 96. வெளியே கிடக்கும் செப்பு இணைப்பிகளில் உப்புக் காற்று பச்சை பிடிக்க வைக்கும், அந்தத் தொல்லையும் இதில் குறைவு.

கறண்ட் போனால்?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது வாங்கிய 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒவ்வொரு ரவுட்டருக்கும் இருக்கிறது. ரவுட்டருக்கு மட்டும் வைத்தால் போதாது, சுவரில் உள்ள ஃபைபர் பெட்டிக்கும் கூரை வைஃபை பெட்டிக்கும் வேண்டும். பெரியம்மா வீட்டு யுபிஎஸ் பழையது, முதலில் அதுதான் படுக்கும். படுத்துச் சற்று நேரத்தில் அந்த வீடு மற்ற இரண்டின் பட்டியலிலிருந்தும் விழும், எங்களுக்கும் அக்காவுக்கும் நேர்வழி எப்படியும் இருக்கிறது. கறண்ட் வந்தால் அது தானே சேர்ந்துகொள்ளும். பற்றரி மாற்ற வேண்டும் என்று பெரியம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வா, நான் ஒவ்வொரு தடவையும் மறந்துவிடுகிறேன்.